'மனதே' என்பது 'எங்களதே' அன்று

ஆந்திர மாநிலக் கோரிக்கையின் நாட்களில் எழுந்த தெலுங்கு முழக்கம் 'மதராஸ் மனதே'. 1953 அக்டோபர் 1 அன்று அம்மாநிலம் பிறந்தபோது, சென்னை மாநிலத்திலிருந்த நாயுடுபேட்டை நெல்லூர் மாவட்டத்தோடு அங்கே சென்றது; சென்னை நகரம் செல்லவில்லை. அந்த முழக்கத்தை 'மதராஸ் எங்களதே' என்று தமிழாக்குவது பிழை என்பதே என் வாதம்.

தெலுங்கில் 'மன' கேட்பவரை உட்படுத்தும். 'மா' கேட்பவரை விலக்கும். தமிழில் அவை முறையே 'நம்', 'எங்கள்'. நாயுடுபேட்டையில் விருந்தினரை உரிமையோடு உள்ளே அழைப்பவர் 'மன இல்லு' என்பார். வழி கேட்கும் அந்நியருக்கு 'மா இல்லு' என்றே காட்டுவார். ஆகவே முழக்கத்தின் பொருள் 'மதராஸ் நமதே'.

இது அற்ப வேறுபாடு அன்று. 'எங்களதே' என்பவன் எதிராளியை நோக்கிப் பேசுகிறான். 'நமதே' என்பவன் தன் கூட்டத்தாரை நோக்கிப் பேசுகிறான். முன்னது அறைகூவல், பின்னது அணிதிரட்டல். அந்தக் கோரிக்கை நியாயமா என்பது வேறு வினா. யார் யாரிடம் பேசினர் என்பதையே திரித்துவிட்டு அவ்வினாவுக்கு விடை தேட இயலாது.

பிழையின் வேர், இரு திராவிட மொழிகளுக்கு நடுவே ஆங்கிலத்தைத் தரகராக அமர்த்தும் நம் ஆய்வுப் பழக்கம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். அதன் வழியே வரும்போது வேறுபாடு கரைந்துபோகிறது. தன்மைப் பன்மை முன்னிலையாரைத் தன்னொடு சேர்ப்பதற்கும் படர்க்கையாரைச் சேர்ப்பதற்கும் தனித்தனி விகுதிகளை வகுத்துக் காட்டிய நன்னூலைப் பாடமாகப் படித்தவர்கள் நாம்!

ஸ்பானிய மொழியிலும் இவ்வேறுபாடு இல்லை. அங்கே 'நுயெஸ்த்ரோ' என்ற உடைமைச் சொல், உடைமைப் பொருளின் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப 'நுயெஸ்த்ரா', 'நுயெஸ்த்ரோஸ்', 'நுயெஸ்த்ராஸ்' என மாறும். கேட்பவர் உள்ளே இருக்கிறாரா என்பதை மட்டும் சொல்லாது. ஆயினும் கெச்சுவா மொழிக்கு 1560இல் இலக்கணம் எழுதிய ஸ்பானியத் துறவி தொமிங்கோ தெ சாந்தோ தொமாஸ், தம் தாய்மொழியில் இல்லாத இந்த வேறுபாட்டை அம்மொழியில் கண்டு பதிவுசெய்தார். இல்லாதவர் கண்டுகொண்டதை உள்ளவர்கள் தொலைக்கிறோம்.

ஹொசே மார்த்தி 1891இல் வெளியிட்ட 'நுயெஸ்த்ரா அமெரிக்கா' கட்டுரையின் தலைப்பைத் தமிழில் எப்படிச் சொல்வது? அவர் பேசியது லத்தீன் அமெரிக்க மக்களிடம். ஆதலால் 'நம் அமெரிக்கா'. 'எங்கள் அமெரிக்கா' என்றால், வடக்கே இருந்த வல்லரசிடம் உரிமை கோரும் மனுவாக அது சுருங்கிவிடும்.

"சூழலே பொருளை விளக்கிவிடுமே" என்பர். களத்தில் நின்றவருக்குச் சூழல் விளங்கியது. எழுபதாண்டு கழித்து ஆவணம் புரட்டும் மாணவருக்கு எஞ்சியிருப்பது சொல் ஒன்றே. அதையும் மாற்றிக் கொடுத்தால் அவர் எதைக்கொண்டு சூழலை மீட்பார்?

எனவே மொழிபெயர்ப்பை ஆதாரமாகக் கொள்ளும் ஒவ்வோர் ஆய்வேட்டிலும், 'நம்', 'எங்கள்' வருமிடமெல்லாம் அத்தேர்வுக்கான காரணத்தை ஆய்வாளர் சொல்ல வேண்டும். சொல்லாவிடில் வாய்மொழித் தேர்வில் கேட்க வேண்டியது நெறியாளர், தேர்வாளர்களின் கடமை.