ரப்பர் பாலின் அளவும் ஒளியின் சாட்சியும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் பால் விற்கும் சிறு விவசாயி பெறும் விலை, வாளியின் கனத்தை மட்டும் பொறுத்ததன்று. பாலிலுள்ள உலர் ரப்பரைப் பொறுத்தது. பாலில் பெரும்பகுதி நீரே. ரப்பர் பெரும்பாலும் 100க்கு 30 முதல் 40 பங்கு வரையே இருக்கும்; மரத்தின் இனத்தாலும் பருவத்தாலும் அதுவும் மாறும். அளவில் நேரும் சிறு பிழையும் உழைத்தவர் வருவாயைக் குறைத்துவிடும்.

பாலில் மிதக்கவிடும் மெட்ரோலாக் விரைவில் விடை தரும். ஆயினும் அது அறிவது அடர்த்தியையே. அமிலமிட்டு உறையவைத்து, உலர்த்தி நிறுப்பது நம்பத்தக்க முறை. ஆனால் பல மணி நேரம் பிடிக்கும்.

இந்நிலையில் ஒளி துணைக்கு வருகிறது. கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியைப் பாலில் செலுத்தினால், நீர் 1450 நானோமீட்டர் அருகிலும், ரப்பரின் கரி-ஹைட்ரஜன் பிணைப்புகள் 1700 நானோமீட்டரை ஒட்டியும் அதனை ஈர்த்துக்கொள்ளும். ஈர்த்த அளவைக் கொண்டு ரப்பரின் பங்கை விரைவில் கணிக்கலாம்.

எனினும், உலர்த்தி நிறுத்த மாதிரிகளோடு ஒப்பிட்டுச் சீர்செய்யாவிடில், புதுக் கருவியும் பிழையான கணக்கையே காட்டும். ஆகவே, கூட்டுறவுச் சங்கங்கள் கருவியை வாங்குவதோடு நில்லாமல், மாதந்தோறும் சில மாதிரிகளை உலர்த்தி நிறுத்து, இரு எண்களையும் அறிவிப்புப் பலகையில் எழுதிவைத்தல் வேண்டுமெனக் கருதுகிறோம். நெசவாளர் நூலின் நம்பரைப் பார்த்து வாங்குகின்றனர். ரப்பர் விவசாயியும் தம் பாலின் எண்ணைத் தம் கண்ணாலேயே கண்டறிதல் முறையன்றோ?