எல்லை தாண்டும்போது சாதி எங்கே போகிறது?

'உலகப் பெண்களே ஒன்றுசேருங்கள்' என்று மேடையில் யாராவது முழங்கினால், சேரியிலிருந்து வந்து கீழே உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குச் சிரிப்புத்தான் வரும். ஊர்த்தெருவைத் தாண்டிச் சேரிக்கு வராத ஒற்றுமை, கடலைத் தாண்டி எங்கிருந்து வரப்போகுது? நியாயமான கேள்விதான். 2006இல் கயர்லாஞ்சியில் ஒரு தலித் தாயும் மகளும் இரண்டு மகன்களும் கொல்லப்பட்டபோது தெருவுக்கு வந்தவர்கள் தலித்துகள். 2012இல் டெல்லிப் பேருந்துக் கொடுமைக்காக மெழுகுவர்த்தி ஏந்திய கூட்டத்தில் நூற்றில் ஒரு பங்குகூட அன்றைக்கு வரவில்லை. இந்தக் கணக்கை யாரும் மறக்கச் சொல்ல முடியாது.

ஆனாலும் தோழர்களே, சிரித்துவிட்டு எழுந்து போய்விட முடியாது. நம் பெண்களின் உழைப்பு எப்போதோ கடல் தாண்டிவிட்டது. திண்டுக்கல் பக்கத்துக் காலனியில் விடியுமுன் கம்பெனி வண்டி ஏறுகிற பெண் தைக்கும் துணி, சுவீடன் கம்பெனிப் பெயரிலும் அமெரிக்கக் கம்பெனிப் பெயரிலும் விற்பனையாகிறது. லாபம் எல்லை தாண்டிப் போகிறபோது, அதைத் தைத்தவளின் கதறல் மட்டும் கம்பெனி கேட்டுக்குள்ளேயே நிற்க வேண்டுமா? எல்லை தாண்டிச் சேருவதா வேண்டாமா என்பதல்ல நம் கேள்வி. எந்த நிபந்தனையில் சேருவது என்பதுதான்.

இதைப் பொத்தாம்பொதுவாகப் பேசிப் பயனில்லை. நடந்த ஒன்றை வைத்தே பேசுவோம்.

2021 ஜனவரியில், திண்டுக்கல் மாவட்டத்தில் நாச்சி அப்பேரல் என்ற ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் ஒருவர் பிணமாகக் கிடைத்தார். அதே ஆலையின் சூப்பர்வைசர் கொலை வழக்கில் கைது செய்யப்பட்டார். பல மாதங்களாக அவன் கொடுத்த பாலியல் தொந்தரவை அந்தப் பெண் தாங்கிக்கொண்டிருந்தார் என்று குடும்பமும் சங்கமும் சொன்னார்கள். ஆலைக்குள் இது ஒரு பெண்ணுக்கு மட்டும் நடந்ததல்ல என்று கூட வேலை செய்த பெண்கள் வெளியே சொல்லத் தொடங்கினார்கள்.

இப்படிப்பட்ட சாவு இந்த வட்டாரத்துக்குப் புதுசா? சுமங்கலித் திட்டம், கேம்ப் கூலி என்று விதவிதமான பெயர்களில் நூற்பாலை ஹாஸ்டல்களில் அடைக்கப்பட்ட பிள்ளைகளின் கதை நமக்குத் தெரியாததா? மூன்று வருசம் முடித்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லித்தான் கூட்டிப் போனார்கள். பெற்றவர்கள் போய்ப் பார்க்கக்கூட அனுமதி கேட்டு நிற்க வேண்டும். பிள்ளை செத்தால் 'வயிற்றுவலி', 'காதல் தோல்வி' என்று ஒரு காரணம் தயாராக இருக்கும். கொஞ்சம் பணம், ஒரு கையெழுத்து, அதோடு முடிந்தது.

இந்த முறை அப்படி முடியவில்லை. அங்கே தலித் பெண்கள் தலைமை தாங்கும் ஒரு சங்கம் இருந்ததே காரணம். டி.டி.சி.யூ. எனப்படும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் இறந்த பெண்ணின் குடும்பத்தோடு நின்றது. ஆசிய நாடுகளின் தொழிற்சங்கங்கள் சேர்ந்த 'ஏசியா ஃப்ளோர் வேஜ் அலையன்ஸ்', அமெரிக்காவிலிருந்து இயங்கும் 'குளோபல் லேபர் ஜஸ்டிஸ்' ஆகிய அமைப்புகளோடு கைகோத்து, துணி வாங்கும் கம்பெனிகளின் கழுத்தில் கை வைத்தது. ஓராண்டுக்கு மேல் போராடிய பிறகு, ஆலையின் உரிமையாளரான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடு 2022 ஏப்ரலில் ஒப்பந்தம் கையெழுத்தானது. எச் அண்டு எம் கம்பெனியும் அதில் கட்டுப்பட்டது. பின்னால் கேப், பி.வி.எச். கம்பெனிகளும் வந்தன. திண்டுக்கல் ஒப்பந்தம் என்று அதற்குப் பெயர். அதன் கீழ் வந்த சுமார் 5,000 தொழிலாளர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களில் தலித் பெண்களே அதிகம்.

அதில் அப்படி என்ன இருந்தது? அதுவரை வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் ஆடிட்டர்களை அனுப்புவான். வருவதற்கு முன்பே சேதி வந்துவிடும். கக்கூஸ் கழுவப்படும், கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கப்படும். ஆடிட்டர் டிக் அடித்துவிட்டுப் போய்விடுவார். இந்த ஒப்பந்தத்தில் கண்காணிப்பவர்கள் தொழிலாளர்களே. தையல் லைனிலேயே வேலை செய்யும் பெண்களைச் சங்கம் பொறுக்கியெடுத்துப் பயிற்சி கொடுத்தது. சூப்பர்வைசர் கெட்ட வார்த்தை பேசினாலோ தொட்டாலோ டார்கெட்டைக் காட்டி மிரட்டினாலோ அங்கேயே புகார் எழும். புகார் சொன்னவளைப் பழிவாங்கக் கூடாது. நிர்வாகம் ஒப்பந்தத்தை மீறினால், துணி வாங்கும் கம்பெனிகள் வியாபாரத்தின் மூலமாகவே அதைத் தண்டிக்க வேண்டும். முதல் ஆண்டு அறிக்கையின்படி வந்த புகார்கள் 185. அவற்றில் 182 தீர்க்கப்பட்டன. அதுவரை 'எங்க கம்பெனியில புகாரே கிடையாது' என்று சொல்லித் திரிந்தவர்கள் இந்த எண்ணை ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். புகார் இல்லாமல் இருந்ததில்லை. சொல்ல இடமில்லாமல் இருந்தது, அவ்வளவுதான்.

இது திடீரென்று வானத்திலிருந்து குதித்ததல்ல. ஆப்பிரிக்காவில் லெசோத்தோ என்றொரு சின்ன நாடு. அங்கே தைவான் முதலாளியின் நியென் ஸிங் ஆலைகளில் அமெரிக்கக் கம்பெனிகளுக்கு ஜீன்ஸ் தைக்கிறார்கள். வேலை நிரந்தரமாக வேண்டுமா, சூப்பர்வைசரோடு படு என்பதுதான் அங்கே எழுதாத சட்டமாக இருந்தது. அதை ஆடிட்டர்கள் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அந்த நாட்டின் தொழிற்சங்கங்களும் பெண் வழக்கறிஞர் அமைப்பும் மற்ற பெண்கள் உரிமை அமைப்பும் ஒன்றாக உட்கார்ந்து 2019 ஆகஸ்டில் லீவைஸ் உள்ளிட்ட மூன்று கம்பெனிகளைக் கையெழுத்துப் போட வைத்தன. ஐந்து ஆலைகள், சுமார் 10,000 தொழிலாளர்கள். அங்கே சங்கமும் பெண்கள் அமைப்பும் தனித்தனியாகக் கடை விரிக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். திண்டுக்கல்லுக்குப் பிறகு, 2024இல், இந்தோனேசியாவின் மத்திய ஜாவாவில் இரண்டு ஆலைகளுக்கு இதே வழியில் ஒப்பந்தம் வந்தது. லெசோத்தோவின் கறுப்பினப் பெண்ணும் திண்டுக்கல்லின் தலித் பெண்ணும் ஜாவாவின் முஸ்லிம் பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள். ஒருத்தி பிடித்த பிடியை அடுத்தவள் கற்றுக்கொண்டாள். ஒற்றுமை என்று சொன்னால் எனக்குப் புரிவது இதுதான்.

'இதற்கெல்லாம் நாட்டில் சட்டம் இருக்கிறதே' என்று சட்டம் படிக்கும் மாணவத் தோழர்கள் கேட்கலாம். இருக்கிறது. அது எப்படி வந்தது? 1992இல் ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன பன்வாரி தேவி என்ற குயவர் சாதிப் பெண், ஆதிக்கச் சாதி ஆண்களால் கூட்டு வன்புணர்ச்சிக்கு ஆளானார். குற்றம் சாட்டப்பட்டவர்களை 1995இல் கீழ்க்கோர்ட் வன்புணர்ச்சிக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. மேல்சாதி ஆண்கள் கீழ்ச்சாதிப் பெண்ணைத் தொட்டிருப்பார்களா என்ற பாணியில் ஓடியது அந்தத் தீர்ப்பின் நியாயம். பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போய், பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிக்கும் அய்.நா. உடன்படிக்கையைக் காட்டி 1997இல் விசாகா தீர்ப்பை வாங்கின. 2013இல் சட்டம் வந்தது. ஆனால் அந்தச் சட்டம் பாலியல் தொந்தரவுக்குத் தரும் வரையறையில் சாதி எங்கே? தேடிப் பாருங்க. விசாரணைக் குழுவை அமைப்பது முதலாளி. புகாரை எழுத்தில் கொடுக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். பொய்ப் புகார் என்றால் கொடுத்தவளுக்கே தண்டனை. டார்கெட்டுக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் தைக்கிற பெண், முதலாளி போட்ட குழு முன்னால் போய் நிற்பாளா?

சாதிப் பெண்ணின் உடம்பில் விழுந்த அடியிலிருந்து சட்டம் பிறக்கிறது. பிறந்த பிறகு அது 'பெண்' என்ற பொதுச்சொல்லாகிவிடுகிறது. உலக அரங்கிலும் இதுதான் கதை. 2001இல் டர்பனில் இனவெறிக்கு எதிரான உலக மாநாடு நடந்தபோது தலித் அமைப்புகள் கிளம்பிப் போயின. சாதியை மாநாட்டின் தீர்மானத்தில் சேர்க்கவே கூடாது என்று இந்திய அரசு மல்லுக்கு நின்றது. அது அரசு செய்த வேலை. நம் தோழமை அமைப்புகளும் தங்கள் அறிக்கைகளில் 'விளிம்புநிலைப் பெண்', 'பலவீனமான பிரிவினர்' என்று எழுதி அதே வேலையை நாசூக்காகச் செய்வதுண்டு. எனவே முதல் நிபந்தனை இது: எல்லை தாண்டும்போது சாதியின் பெயர் உதிரக் கூடாது. பாலினம், சாதி, புலம்பெயர்ந்த நிலை ஆகியவற்றின் பேரிலான பாகுபாட்டை ஒழிப்பது என்று திண்டுக்கல் ஒப்பந்தம் பெயர் சொல்லியே பேசுகிறது. பேச வைத்தவர்கள் தலித் பெண்கள்.

இரண்டாவது நிபந்தனை: பிடி உள்ளூர்ச் சங்கத்தின் கையில் இருக்க வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தான சில மாதத்தில், 2022 ஜூலையில், அமெரிக்க சுங்கத்துறை இந்த ஆலையின் துணிகளுக்குத் தடை போட்டது. கட்டாய உழைப்பு நடக்கிறது என்பது காரணம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் ஆர்டர் நின்றால் முதலில் வீட்டுக்குப் போவது யார்? முதலாளியா, தையல்காரப் பெண்ணா? ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்துவிட்டதைச் சங்கமும் தோழமை அமைப்புகளும் எடுத்துக்காட்டிய பிறகு செப்டம்பரில் தடை விலகியது. வெளியிலிருந்து வரும் பலம் தேவைதான். எப்போது அடிக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதை ஆலைக்குள் இருக்கும் பெண் முடிவு செய்ய வேண்டும்.

இதில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. இது ஒரு முதலாளியின் ஆலைகளுக்கு மட்டும் பொருந்தியது. பக்கத்து மில்லில் பழைய கதைதான். கம்பெனிக்காரன் ஆர்டரை வேறு நாட்டுக்குத் திருப்பினால் ஒப்பந்தம் வெறும் காகிதம். வேலையிடத்தில் வன்முறைக்கும் தொந்தரவுக்கும் எதிராக சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019இல் நிறைவேற்றிய 190ஆம் உடன்படிக்கையை லெசோத்தோ 2023இல் ஏற்றுக்கொண்டது. இந்திய அரசுக்கு அதை ஏற்க மனம் வரவில்லை. ஆக, அரசை விட்டுவிட்டுக் கம்பெனியோடு பேசினால் போதும் என்ற முடிவுக்கு யாரும் போகக் கூடாது. சட்டமும் வேண்டும், ஒப்பந்தமும் வேண்டும்.

நம் இயக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'முதலில் சாதியை ஒழிப்போம், பெண் பிரச்னை பிறகு' என்று பேசும் தோழர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1942 ஜூலையில் நாக்பூரில் அம்பேத்கர் கலந்துகொண்ட அகில இந்தியத் தாழ்த்தப்பட்ட பெண்கள் மாநாட்டில் சுமார் 20,000 பெண்கள் கூடினார்கள். மணவிலக்கு உரிமை கேட்டுத் தீர்மானம் போட்டார்கள். மில்களில் வேலை செய்யும் பெண்களுக்கு விடுப்பும் இழப்பீடும் கேட்டார்கள். பெண்கள் வேலை செய்யும் மில்களில் பெண்களையே மேற்பார்வையாளராக நியமிக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். சூப்பர்வைசர் யார் என்பது உயிர்ப் பிரச்னை என்று அந்தப் பெண்களுக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது. எண்பது வருசம் கழித்து ஒரு பெண்ணைப் பறிகொடுத்த பிறகுதான் அந்தக் கோரிக்கையின் பக்கத்தில் வந்து நின்றிருக்கிறோம். நம் கட்சிகளும் இயக்கங்களும் ஆலை கேட்டுக்கு முன்னால் எத்தனை நாள் நின்றன என்று அவரவர் கேட்டுக்கொள்ளட்டும்.

கடைசியாக, எல்லை என்றதும் கடலையும் பாஸ்போர்ட்டையும் மட்டும் நினைக்காதீர்கள். இன்று திருப்பூர், கோவை, திண்டுக்கல் ஆலைகளின் ஹாஸ்டல்களில் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த தலித், ஆதிவாசிப் பெண்கள் இருக்கிறார்கள். தமிழ் தெரியாது, ஊர் தெரியாது, புகாரை எந்த மொழியில் சொல்வது என்றும் தெரியாது. சூப்பர்வைசர்களில் தமிழன் இருக்கிறான். நம் ஆளும் இருக்கலாம். 'வடக்கத்திக்காரி' என்று அவளைப் பேசிவிட்டு லெசோத்தோவுக்கு ஒருமைப்பாடு தெரிவிப்பதில் அர்த்தமில்லை. மாணவத் தோழர்கள் இந்த விடுமுறையில் ஒரு வேலை செய்யலாம். உங்கள் பக்கத்து ஆலையில் விசாரணைக் குழு இருக்கிறதா, அதில் தொழிலாளிப் பெண் எத்தனை பேர், புகார்ப் படிவம் ஒடியாவிலும் இந்தியிலும் இருக்கிறதா என்று சங்கப் பெண்களோடு போய் விசாரித்து எழுதுங்கள். திண்டுக்கல்லில் கிடைத்ததை அடுத்த ஆலையில் கேட்பதற்கு அந்தக் குறிப்பு கையில் வேண்டும்.