ஜப்பான் மொழி எதுக்குன்னு கேட்காதீங்க!

1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலில், அயல்மொழி என்றாலே பிரெஞ்சுதான். இப்போது கல்லூரிப் பிள்ளைகள் ஜப்பான் மொழியை அரிச்சுவடியிலிருந்து தொடங்கினால், 'கார்ட்டூன் பார்த்துக் கெட்டுப் போச்சு' என்று அலுத்துக் கொள்கிறோம். கார்ட்டூன் ஆசையில் தொடங்கினால்தான் என்ன? படிப்பு படிப்புதானே!

நம் பிள்ளைகளுக்கு அது ஒன்றும் எட்டாக்கனி இல்லை. தமிழ் மாதிரியே வினைச்சொல் கடைசியில்தான் வரும். நம் 'ஐ', 'கு' போல உருபுகளும் பெயருக்குப் பின்னால்தான். ஆனால் ஹிரகானா, கதகானா என்று இரண்டு வகை எழுத்து, போதாததற்கு 2,000க்கு மேல் காஞ்சி எழுத்துகள். பொறுமை வேணும்.

முதியோர் பெருகிவிட்ட ஜப்பானுக்கு ஆள் தேவை. முதியோர் பராமரிப்பு உள்ளிட்ட வேலைகளுக்காக 2021ல் இந்தியாவோடு ஒப்பந்தமே போட்டார்கள். ஆனால், முதல் படியான 'என்-5' பாஸ் செய்தால் மட்டும் போதாது. பொதுவாக 'என்-4' அல்லது அதற்கு நிகரான தேர்ச்சி வேண்டும். 'மொழியே வேண்டாம், நான் அனுப்பி வைக்கிறேன்' என்று ஏஜென்ட் யாராவது சொன்னால், நகையை அடகு வைக்கும் முன் யோசியுங்கள் தாய்மார்களே! அந்தப் பணத்தில் கொஞ்சத்தைப் படிப்புக்குப் போடுங்கள். மகனுக்கு மட்டுமல்ல, மகளுக்கும்தான்!

- ஒரு வாசகி, காரைக்கால்.