ஊசிக்கு ஏன் மலசலகூடம்?

எமது கல்யாண வீடுகளில் ஒரு காட்சி வழக்கமாகிவிட்டது. சஹன் வைக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் ஒருவர் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டு மெல்ல எழும்புவார். வீட்டின் பின்புறம் போய், மலசலகூடத்துக்குள் நுழைந்து கொக்கியைப் போடுவார். ஈரத் தரை, மங்கலான வெளிச்சம், மருந்துக் குப்பியை வைக்க ஓர் அங்குல இடம் இல்லை. ஊசியின் மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு, வயிற்றில் குத்தி முடித்து வெளியே வருவார். யாரும் கேட்டால், "ஒண்டுமில்ல, கை கழுவப் போனன்" என்பார்.

சாப்பாட்டுக்கு முன் போடவேண்டிய ஒரு மருந்தை, மனிதன் கழிவு அகற்றும் இடத்தில் போய்ப் போடுகிறான். போடச் சொல்லி யாரும் அவரை அங்கே அனுப்பவில்லை என்று நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. அந்தக் கூச்சத்தை அவருக்குப் படிப்பித்தவர்கள் நாம்தான். நானும் நாளுக்கு இரண்டு தடவை இன்சுலின் போடுபவன் என்பதால், இதை அனுதாபம் கேட்டு எழுதவில்லை, கணக்குக் கேட்டு எழுதுகிறேன்.

முதலில் தொகையைப் பார்ப்போம். 2005–2006 காலப்பகுதியில் இலங்கையில் நடந்த பெரிய ஆய்வொன்று, இருபது வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்குப் பத்துப் பேரளவில் நீரிழிவு உள்ளதாகக் கண்டது. 2018–2019இல் நடந்த இன்னொரு தேசிய ஆய்வு அதை நூற்றுக்கு 23 என்றது. இரண்டு ஆய்வுகளின் முறைகளும் ஒன்றல்ல. என்றாலும் போகும் திசை எவருக்கும் விளங்கும். ஆறு பேர் கூடி உட்காரும் ஒரு சஹனில் சராசரியாக ஒருவருக்கேனும் சீனி வருத்தம் உண்டு என்று இதற்குப் பொருள். அவர்கள் எல்லோரும் ஊசி போடுபவர்கள் அல்லர். ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல அவர்களில் பலர் ஊசிக்கு வந்து சேர்வார்கள். ஆகவே இது எங்கோ ஒரு மூலையில் கிடக்கும் நோயாளியின் கதை என்று எண்ணவேண்டாம். உங்கள் சஹனில் உங்கள் முழங்காலோடு முழங்கால் முட்ட இருப்பவரின் கதை.

"வீட்டிலேயே போட்டுக்கொண்டு வந்தால் என்ன?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்களுக்கு இன்சுலின் வேலை செய்யும் விதம் தெரியாது. அரச கிளினிக்குகளில் எம்மில் அதிகமானோருக்குக் கிடைப்பது கலங்கல் நிறமான கலப்பு இன்சுலின். அதைச் சாப்பாட்டுக்கு ஏறத்தாழ அரை மணித்தியாலத்துக்கு முன் போடவேண்டும். போட்ட பிறகு சாப்பாடு வந்தே ஆகவேண்டும். எமது கல்யாண வீடுகளிலோ பகல் பன்னிரண்டரைக்குச் சாப்பாடு என்று அழைப்பிதழில் இருக்கும். மாப்பிள்ளை வீட்டார் வந்து சேர ஒன்றரை ஆகும். சஹன் வர இரண்டு மணி தாண்டும். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படுமுன் தோணித்துறையில் காத்துக்கிடந்த காலத்தில் இந்தத் தாமதத்துக்கு ஒரு நியாயமாவது இருந்தது. பன்னிரண்டு மணிக்கு வீட்டில் ஊசி போட்டுவிட்டு வந்தவருக்கு ஒன்றரை மணிக்கு இரத்தத்தில் சீனி விழத் தொடங்கும். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சுக் குழறும், கோபம் வரும். பார்ப்பவர்கள் வெயில் என்பார்கள். இன்னும் சிலர் வேறு எதையோ குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்றுகூடக் கதைப்பார்கள். கவனிக்காமல் விட்டால் மயக்கம், வலிப்பு, மரணம் வரை போகக்கூடிய நிலை அது. அந்த நேரத்தில் தேவைப்படுவது மூன்று தேக்கரண்டிச் சீனி கரைத்த ஒரு கிளாஸ் தண்ணீர். வட்டிலப்பம் ஊட்டிவிடுவதால் உடனே பயன் வராது. அதிலுள்ள தேங்காய்ப்பாலும் முட்டையும் சீனி இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும்.

ஆகவே ஊசியைச் சாப்பாடு வரும் இடத்தில், வரும் நேரம் அறிந்து போடுவதுதான் பாதுகாப்பு. அதை மலசலகூடத்தில் போடுவதோ இன்னோர் ஆபத்து. கலப்பு இன்சுலினை உள்ளங்கைகளுக்கிடையில் உருட்டி ஒரு சீராகக் கலக்கவேண்டும். நூறு அலகுச் சிறிஞ்சில் ஒரு கோடு இரண்டு அலகைக் குறிக்கும். மங்கிய வெளிச்சத்தில், கதவுக்கு வெளியே ஆள் தட்டிக்கொண்டிருக்கும் அவசரத்தில், ஐந்து கோடு பிழைத்தால் பத்து அலகு பிழைக்கும். கண்பார்வை மங்கிய ஒரு முதியவரை அந்த நிலைக்குத் தள்ளும் சமூகம் தன்னை விருந்தோம்பும் சமூகம் என்று சொல்லிக்கொள்ள வெட்கப்படவேண்டும்.

இனி, எதிர்த்து வரும் வாதங்கள். "சாப்பிடுற இடத்தில ஊசியக் கண்டா அருவருப்பா இரிக்கி" என்பது முதலாவது. மயிர் அளவு மெல்லிய ஊசி அது. பெரும்பாலும் ஒரு துளி இரத்தமும் வராது. சட்டையின் ஓரத்தை இரண்டு விரற்கடை உயர்த்தினால் போதும். ஒரு நிமிடத்துக்குள் அலுவல் முடிந்துவிடும். சஹனுக்கு நடுவில் வைத்து ஊசி போடவேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. கொஞ்சம் திரும்பி இருந்து போடுபவரை உற்றுப் பார்க்காமல் இருப்பதும் ஓர் அதபு அல்லவா? மாட்டை அறுத்து, தோலுரித்து, துண்டாக்கிய அதே வளவில் பந்தல் போட்டுச் சாப்பிடும் எமக்கு, அரை அங்குல ஊசியில் மட்டும் எங்கிருந்து இந்த அருவருப்பு வந்தது?

"ஊசிக்கு வந்திட்டா கத முடிஞ்சிது" என்பது இரண்டாவது. இது கிராமம் கிராமமாக உலவும் பொய். ஊசி தொடங்கிய பின் காலை வெட்டினார்கள், கண் போனது என்று ஆட்களைக் காட்டுவார்கள். அவர்களில் பலரும் ஊசிக்குப் பயந்து ஆண்டுக்கணக்காக இழுத்தடித்து, உயர்ந்த சீனி நரம்பையும் சிறுநீரகத்தையும் தின்று முடித்த பிறகு வந்தவர்கள். குற்றம் பிந்தியதில் இருக்க, பழி ஊசியின் தலையில். உண்மை என்ன? 1922 ஜனவரி 11ஆம் திகதி கனடாவின் டொரொன்டோ நகரில் லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்பட்டது. அதற்கு முன் அவனைப் போன்ற பிள்ளைகளுக்கு வைத்தியர்கள் செய்யக்கூடியதெல்லாம் பட்டினி போட்டு மரணத்தைச் சில மாதங்கள் தள்ளிப்போடுவதுதான். அந்தப் பையன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். கண்டுபிடித்தவர்கள் அதன் உரிமையை ஆளுக்கு ஒரு டொலருக்குப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள். இப்படி வந்த மருந்தைத்தான் நாம் கபன் துணியைப் போலப் பார்க்கிறோம்.

"அது பன்றியிலிருந்து எடுக்கிறது" என்பது மூன்றாவது. ஒரு காலத்தில் மாட்டினதும் பன்றியினதும் கணையத்திலிருந்து இன்சுலின் எடுக்கப்பட்டது உண்மை. ஆனால் மனித இன்சுலினை நுண்ணுயிரைக் கொண்டு உருவாக்கும் முறை 1978இல் கைகூடி, 1982இல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது. இன்று பாவனையில் உள்ள மனித இன்சுலின் பாக்டீரியாவையும் ஈஸ்டையும் கொண்டு செய்யப்படுவது. நாற்பது வருடத்துக்கு முந்திய செய்தியை வைத்துக்கொண்டு இன்றைக்கும் நோயாளியை மிரட்டுவது மார்க்கப் பேணுதல் ஆகாது, அது அறியாமை.

ரமழான் வந்தால் இந்த மிரட்டல் இரட்டிப்பாகிறது. ஊசி போட்டால் நோன்பு முறிந்துவிடும் என்று நம்பி மருந்தை நிறுத்துகிறார்கள். 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, ஊட்டமளிக்கும் திரவங்கள் தவிர்ந்த ஊசிகள் தோலிலோ தசையிலோ நரம்பிலோ போடப்படினும் நோன்பை முறிக்கா என்று தீர்மானித்தது. பரிசோதனைக்கு இரத்தம் எடுப்பதும் முறிக்காது என்றது. இன்னொரு பக்கத்தில், நோன்பு பிடிக்கவே கூடாத நோயாளியும் வெட்கத்துக்காகப் பிடிக்கிறார். 2001இல் 13 நாடுகளில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நீரிழிவு நோயாளரிடம் நடந்த ஆய்வில், ரமழானில் கடுமையான சீனித் தாழ்வு முதலாம் வகையினருக்கு ஏறத்தாழ ஐந்து மடங்கும், இரண்டாம் வகையினருக்கு ஏழு மடங்குக்கு மேலும் கூடியது தெரியவந்தது. சீனி 70க்குக் கீழே இறங்கினால், அல்லது 300க்கு மேலே ஏறினால், நோன்பை உடனே விடவேண்டும் என்பது வைத்திய வழிகாட்டல். நோயாளிக்கு அல்லாஹ் சூரா பகராவில் தந்த சலுகையை, பக்கத்து வீட்டார் என்ன நினைப்பார்களோ என்ற பயம் பறித்துக்கொள்கிறது. குத்பா மேடையில் நோன்பின் சிறப்பைச் சொல்லும் மௌலவிமார், நோன்பை விடவேண்டியவர் யார் என்பதையும் அதே உரத்த குரலில் சொல்லவேண்டும்.

மறைக்காமல் வாழ்ந்தவர்கள் எம்மத்தியில் அறியப்படாதவர்கள் அல்லர். வசீம் அக்ரமை அறியாத இளைஞன் எமது ஊர்களில் உண்டா? அவருக்கு நீரிழிவு கண்டறியப்பட்டது 1997இல். அதன் பிறகுதான் 1999 உலகக் கிண்ண இறுதிப் போட்டிவரை பாகிஸ்தான் அணியைத் தலைமை தாங்கிக் கொண்டுபோனார். 2003இல் ஒருநாள் போட்டிகளில் 500 விக்கெட் எடுத்த முதல் பந்துவீச்சாளரானார். எல்லாம் இன்சுலின் போட்டுக்கொண்டுதான். 2019 ஜூலையில் மென்செஸ்டர் விமான நிலையத்தில், குளிர்ப்பையிலிருந்த தன் இன்சுலினைப் பலர் முன்னிலையில் வெளியே எடுத்துப் பிளாஸ்டிக் பையில் போடச் சொல்லித் தன்னை அவமானப்படுத்தினார்கள் என்று அவர் பகிரங்கமாகவே முறையிட்டார். அவர் கேட்டது மரியாதை. இன்சுலின் வைத்திருப்பதற்காக அவர் வெட்கப்படவில்லை. அவமதித்தவர்கள்தான் வெட்கப்படவேண்டும் என்றே நினைத்தார். அவரது பந்துவீச்சைப் பார்த்துப் பழகிய எமது பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தையும் காட்டிக்கொடுக்க யாருமில்லை.

ஆண்களின் நிலை இதுவென்றால் பெண்களுடையது இதைவிட மோசம். ஆணுக்கு மலசலகூடமாவது உண்டு. குசினிப் பக்கம் முந்நூறு பேருக்குப் பரிமாறும் ஒரு பெண், அபாயாவுக்குள் ஊசி போட எங்கே போவாள்? மறைவான ஓர் அறையைக் கேட்டால் ஏன் என்று கேட்பார்கள். காரணத்தைச் சொன்னால் அது அவளோடு நிற்காது. "தாய்க்கு ஊசியாம், மகளுக்கும் வருமாம்" என்று கலியாணப் பேச்சு முறியும். சிறு வயதிலேயே முதலாம் வகை நீரிழிவு வந்த ஒரு பெண்பிள்ளையின் உம்மா, "ஆருக்கும் சொல்லிப் போடாதீங்க சேர்" என்று என்னிடம் கெஞ்சியிருக்கிறார். பாடசாலையில் அந்தப் பிள்ளை மயங்கி விழுந்தால் என்ன செய்யவேண்டும் என்பது வகுப்பாசிரியருக்குத் தெரியாமல் இருந்தால், அந்த இரகசியத்தின் விலை ஓர் உயிர். மறைத்து முடித்த கலியாணமும் நிலைப்பதில்லை. பிறிட்ஜைத் திறந்தால் குப்பி தெரிந்துவிடும் என்று புகுந்த வீட்டில் ஊசியை விட்டுவிடும் பெண்ணுக்கு, சீதனமாகக் கொடுத்த வீடும் வளவும் என்ன பயன் தரும்?

எழுத்தாளர்களாகிய எம்மிடமும் ஒரு கேள்வி. கடலையும் வயலையும் சீதனத்தையும் இடம்பெயர்வையும் எழுதினோம். 2022இல் மின்சாரம் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை துண்டிக்கப்பட்டபோது, இரண்டு மண்சட்டிகளுக்கு நடுவே ஈர மணல் போட்டு இன்சுலினைக் காப்பாற்றும் வழி தேடிய குடும்பங்களை யார் எழுதினோம்? எங்கள் கதைகளில் முதியவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரே வரியில் விழுந்து மௌத்தாகிறார்கள். முப்பது வருடம் தன் வயிற்றில் தானே ஊசி குத்தி வாழ்ந்த மனிதனுக்கு ஒரு சிறுகதையில் இடமில்லை. வாழ்வில் மலசலகூடத்துக்குள் ஒளித்தவரை இலக்கியத்தில் அதற்குள்ளேயே பூட்டிவைத்திருக்கிறோம்.

நான் கேட்பவை பெரிய காரியங்கள் அல்ல. கல்யாண வீட்டில் பெண்கள் பக்கம் ஒன்று, ஆண்கள் பக்கம் ஒன்றாக இரண்டு சுத்தமான அறைகள். ஒரு மேசை, நல்ல வெளிச்சம், பாவித்த ஊசிகளைப் போட மூடியுள்ள கெட்டியான போத்தல். அது முடியாவிட்டால், இருந்த இடத்திலேயே போட விரும்புபவரை முகம் சுளிக்காமல் விட்டுவிடுங்கள். சஹன் எத்தனை மணிக்கு வரும் என்பதை உண்மையாகச் சொல்லுங்கள். சஹனில் அளந்து சாப்பிடமுடியாது என்று தனிக் கோப்பை கேட்பவரை, "எங்களோட சேர்ந்து தின்னமாட்டாரோ" என்று குத்திக் காட்டாதீர்கள். அவர் வேண்டாம் என்று கையை மறித்த பிறகும் சோற்றை அவர் பக்கம் தள்ளுவது அன்பாகாது. ரமழானுக்கு ஒரு மாதம் முன்பாக ஊர்ப் பள்ளிவாசல் ஒரு வைத்தியரையும் ஒரு மௌலவியையும் ஒரே மேடையில் இருத்தி, ஊசி போடுபவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லவைக்கட்டும். பாடசாலைகளில் அதிபரின் அலுமாரியில் கொஞ்சம் குளுக்கோஸ் இருக்கட்டும்.

அடுத்த கல்யாணத்தில் இவற்றில் ஒன்றைச் செய்தாலும், ஒரு மனிதர் ஈரத் தரையில் நின்று ஊசி போடத் தேவையிருக்காது.