மொழிமுற்றம்: ஆக்கிய எழுத்தும் ஆக்காத மொழியும்

 

உளுந்தூர்பேட்டையிலிருந்து ஒரு சகோதரி எழுதியுள்ள மடலே இம்மாதப் பகுதிக்குப் பொருளாக அமைந்தது. "காலஞ்சென்ற மாமியாரின் பெட்டியிலிருந்து அட்டை கிழிந்த கிதாபு ஒன்று கிடைத்தது. எழுத்தெல்லாம் குர்ஆன் எழுத்தைப் போலவே உள்ளது. ஜபர், ஜேர் குறிகளும் உண்டு. சில எழுத்துகளின் கீழே மட்டும் கூடுதலாகப் புள்ளிகள் இருக்கின்றன. மதரஸாவில் ஓதும் என் மகன் இது அரபியன்று என்கிறான். உருது அறிந்த அண்டை வீட்டாரோ இது உருதுவும் அன்று என்கிறார்கள். யாரேனும் கற்பனையாக உண்டாக்கிய பாஷையா இது? வீட்டில் வைத்திருப்பதா, பழைய முஸ்ஹஃபு ஏடுகளோடு சேர்த்துக் கண்ணியமாக மண்ணில் அடக்கிவிடுவதா?" என்று அவர் கேட்கிறார்.

சகோதரியே, அடக்கிவிட வேண்டாம். அவர் விவரிக்கும் அடையாளங்களைக் கொண்டு பார்த்தால், அந்நூல் நம் முன்னோர் போற்றி வளர்த்த அரபுத்தமிழ் நூலாகவே இருத்தல் வேண்டும். 'அர்வி' என்றும் அதனை அழைப்பர். அவர் கேட்ட 'கற்பனை மொழி' என்னும் வினாவும் புறந்தள்ளத்தக்கதன்று. அதிலிருந்தே தொடங்குவோம்.

கற்பனையில் பிறந்த மொழிகள்

மனிதர் திட்டமிட்டு உண்டாக்கிய மொழிகள் உலகில் உண்டு. போலந்து நாட்டுக் கண் மருத்துவரான ஜாமன்ஹாஃப் 1887இல் வெளியிட்ட எஸ்பெராண்டோ பலரும் அறிந்தது. ஆயின், அதற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே முஸ்லிம் உலகில் அத்தகைய முயற்சி ஒன்று நடைபெற்றுவிட்டது என்பதைப் பலர் அறியார். உதுமானியப் பேரரசின் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில், கெய்ரோவில் வாழ்ந்த முஹ்யீ குல்ஷனீ என்னும் ஸூஃபி அறிஞர் 'பாலைபலன்' என்னும் மொழியை அமைத்தார். உயிர்ப்பிப்பவரின் மொழி என்பது அதன் பொருள். 'முஹ்யீ' என்னும் அவர் பெயரின் பொருளும் அதுவே. எழுத்து அரபு எழுத்து. சொற்களிற் பெரும்பாலானவை புதியவை. இலக்கணமோ துருக்கி, பாரசீகம், அரபு ஆகியவற்றின் சாயல் கொண்டது. அகராதியும் இலக்கணமும் கையெழுத்துப் படிகளாக இன்றும் உள்ளன. அம்மொழியில் தாய் தன் பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடியதில்லை. கடைத்தெருவில் எவரும் விலை பேசியதுமில்லை.

அரபுத்தமிழின் கதை இதற்கு நேர் மாறானது. இங்கே மொழியை எவரும் ஆக்கவில்லை. அது தாய் தந்த தமிழே. ஆக்கியவை சில எழுத்துகள் மட்டுமே.

ஒலிகளின் சிக்கல்

அரபியில் 28 எழுத்துகள். தமிழில் உயிரும் மெய்யுமாக 30 முதலெழுத்துகள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒன்றில் உள்ளது மற்றொன்றில் இல்லை. அரபியில் ட, ண, ள, ழ, ற என்பனவும், ங, ஞ, ப என்பனவும் இல்லை. 'பச்சை' என்பதில் வரும் சகரமும் இல்லை. அ, இ, உ என்னும் உயிர்களும் அவற்றின் நெடில்களும் உண்டேயன்றி, எ, ஏ, ஒ, ஓ என்பவற்றுக்குக் குறி இல்லை.

நம் ஆலிம்கள் இதற்குக் கண்ட வழி எளியது. ஒலியால் நெருங்கிய அரபு எழுத்தை எடுத்துப் புள்ளியால் வேறுபடுத்தினர். தாலின் கீழே ஒரு புள்ளி இட்டால் டகரம். நூனின் கீழே புள்ளி இட்டால் ணகரம். ஃபாவின் கீழே புள்ளி இட்டால் பகரம். ளாதின் கீழே ஒரு புள்ளி இட்டால் நம் சிறப்பெழுத்தாகிய ழகரம். எகர ஒகரங்களுக்கென்றே புதிய குறிகளும் அமைந்தன. எழுதுவோருக்கும் அச்சகத்துக்கும் ஏற்ப இவற்றின் வடிவங்கள் சிறிது வேறுபடும். மலாய் முஸ்லிம்களும் தம் ஜாவி எழுத்தில் ஃபாவுக்கு மூன்று புள்ளி இட்டே பகரம் ஆக்கினர். ஆனால் புள்ளிகளை மேலே இட்டனர். பாரசீகரோ பாவின் கீழே மூன்று புள்ளி இட்டனர். ஒரே சிக்கலுக்கு மூன்று சமுதாயங்கள் மூன்று விடை கண்டன.

ளாதிலிருந்து ழகரத்தை உண்டாக்கியது தற்செயலன்று. வட மாவட்டங்களில் உருது பேசும் குடும்பத்தார் 'ரம்ஜான்', 'காஜி' என்பர். தமிழ் பேசும் நாம் 'ரமளான்', 'காளி', 'ஃபர்ளு', 'ஒளூ' என்கிறோம். இதனைக் கொச்சை என்று நகைப்பாரும் உளர். ஆயின், கி.பி. 8ஆம் நூற்றாண்டின் பேரிலக்கண அறிஞர் ஸீபவைஹி, ளாத் என்பது நாவின் பக்கமும் கடைவாய்ப் பற்களும் பொருந்தப் பிறப்பது என்று விளக்கியுள்ளார். தஜ்வீது பாடத்திலும் நம் பிள்ளைகள் இதனையே ஓதுகிறார்கள். நாவின் பக்கத்தால் காற்று வெளிப்படும் ஒலிகளுள் நம் ளகரமும் ஒன்று. எனவே நம் முன்னோரின் செவி பிழைபடக் கேட்டதென்று கூறுவதற்கில்லை.

தமிழ் எழுத்து போதாதா?

'தமிழைத் தமிழெழுத்திலேயே எழுதியிருக்கலாமே' என்று கேட்கலாம். எழுதவும் செய்தனர்; உமறுப் புலவரின் சீறாப்புராணம் தமிழெழுத்தில் தோன்றிய காப்பியமே. ஆனால் மார்க்கச் சட்டத்தை விளக்கும்போது ஓர் இடர் எழுந்தது. 'கல்பு' என்று தமிழில் எழுதுகிறோம். நாவின் அடியில் ஆழ்ந்து பிறக்கும் காஃபைக் கொண்டு எழுதினால் அது இதயம். சற்று முன்னே மெலிந்து பிறக்கும் மற்றக் காஃபைக் கொண்டு எழுதினால் அது நாய்! 'அலீம்' என்பதும் அத்தகையதே. ஐனில் தொடங்கினால் யாவும் அறிந்தவன் என்னும் இறைத்திருநாமம். ஹம்ஸாவில் தொடங்கினால் துன்புறுத்துவது என்று பொருள்படும், வேதனையைக் குறிக்க வரும் சொல். தமிழெழுத்தில் இவ்விரண்டுக்கும் வேற்றுமை காட்ட வழியில்லை. அரபுத்தமிழிலோ அரபுச் சொல் தன் எழுத்துக் குலையாமல் நின்றது. தமிழ்ச் சொல்லும் தன் ஒலி குலையாமல் நின்றது.

மற்றொரு பயனும் உண்டு. திண்ணைப் பள்ளிக்கு அனுப்பப்படாத பெண்மக்களும் வீட்டிலேயே குர்ஆன் ஓதக் கற்றிருந்தனர். அவ்வெழுத்தறிவே அவர்களுக்கு மார்க்க நூல், மருத்துவக் குறிப்பு, குடும்பக் கடிதம் ஆகியவற்றின் வாயிலைத் திறந்துவிட்டது. கீழக்கரையில் வாழ்ந்த இமாமுல் அரூஸ் செய்யிது முஹம்மது ஆலிம் (ரஹ்) அவர்கள் (1816–1898), மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்று நம் மக்கள் போற்றும் பெரியார், தம் 'மஃகானி' முதலிய நூல்களை இவ்வெழுத்திலேயே இயற்றினார்கள். தமிழகத்திலும் இலங்கையிலும் அவை வீடுதோறும் ஓதப்பட்டன. அண்டையிலுள்ள மலையாள முஸ்லிம்களும் அரபு மலையாளம் வளர்த்தனர். அவர்களின் முஹ்யித்தீன் மாலை 1607இல் பாடப்பட்டது.

இலக்கணம் யாருடையது?

ஒரு மொழியை இனங்காட்டுவது சொற்களின் தொகையன்று. அச்சொற்களைக் கோக்கும் இலக்கணமே. அரபுத்தமிழில் எத்தனை அரபுச் சொற்கள் வந்தாலும் கோக்கும் நூல் தமிழே.

முதலில் சொல்லின் இறுதியைக் காண்போம். தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது. ஆகவே ஹக், ஃபர்ள், மவ்த் என்பன நம் நாவில் ஹக்கு, ஃபர்ளு, மவுத்து என உகரம் பெற்றன. இமாம், ஈமான், ஹலால் என்பவற்றுக்கு அத்துணை தேவைப்படவில்லை. ம, ன, ல என்னும் மெய்களில் முடிவது தமிழுக்கு இயல்பு. எழுத்து மாறியும் தமிழ் விதி மாறவில்லை.

அடுத்துப் பன்மை. 'உலமா' என்பதே ஆலிம் என்பதன் பன்மை. 'அவுலியா' வலி என்பதன் பன்மை. நாமோ உலமாக்கள், அவுலியாக்கள் என மீண்டும் 'கள்' சேர்க்கிறோம். தமிழ்ச் செவிக்குத் தமிழ் விகுதி கேட்டாலன்றிப் பன்மை நிறைவுறுவதில்லை.

வினையைப் பாருங்கள். அரபு வினைச்சொல்லுக்குத் தமிழ்க் கால இடைநிலை சேர்க்கும் வழக்கம் இல்லை. அரபுப் பெயரை எடுத்து அதன்பின் தமிழ் வினையை நிறுத்துகிறோம். துஆச் செய்தாள், நிய்யத்து வைத்தார், கபூலாயிற்று, வஃபாத்தானார்கள் என்பன போல. தலையாய வணக்கங்களுக்கோ தூய தமிழ்ப் பெயர்களே நிலைத்தன: தொழுகை, நோன்பு, ஓதுதல், பெருநாள், பள்ளிவாசல்.

'கால' என்பது 'சொன்னான்' என ஒருவரைக் குறிக்கும் அரபு வினை. அதில் மரியாதைப் பன்மை இல்லை. நாயகம் (ஸல்) அவர்களைக் கூறும்போது தமிழ் நா 'சொன்னான்' என்னாது. 'அருளினார்கள்' என்றே பணியும்.

இவை அனைத்திலும் நுட்பமானது 'நாம்', 'நாங்கள்' என்னும் வேறுபாடு. அரபியில் இரண்டுக்கும் ஒரே சொல். தமிழிலோ கேட்பவரைச் சேர்த்தால் 'நாம்', நீக்கினால் 'நாங்கள்'. ஆகவே 'ரப்பனா' என்று அல்லாஹ்வை முன்னிலைப்படுத்தி இறைஞ்சுகையில் 'எங்கள் இறைவனே' என்கிறோம். சக மனிதரிடம் பேசுகையில் 'நம் இறைவன்' என்கிறோம். படைத்தவனைப் படைப்புகளோடு ஒருங்கு வைத்து எண்ணாத ஒழுங்கு நம் தாய்மொழியின் இலக்கணத்திலேயே அமைந்திருப்பது எண்ணி மகிழத்தக்கது.

எவ்வாறு படிப்பது?

தமிழ்வழிப் பள்ளிகள் பெருகின. மார்க்க நூல்கள் தமிழெழுத்தில் அச்சாயின. அரபுத்தமிழைக் கற்பிப்போர் குறைந்தனர். இன்று பேத்தியின் கையில் இருப்பது பாட்டி நாள்தோறும் ஓதிய நூல்; பேத்திக்கோ அது அயல்மொழி போல் தோன்றுகிறது. பாலைபலன் பேசுவாரின்றிக் கிடப்பதில் வியப்பில்லை. நம் வீட்டுத் தமிழே நமக்குப் புரியாமற் போவது எத்துணைப் பெரிய இழப்பு!

இதனை மீட்பது கடினமன்று. கண்ணால் மட்டும் பாராமல் வாய்விட்டு ஓதுங்கள். 'பழம்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். கீழே புள்ளி பெற்ற ஃபாவுக்கு ஜபர், புள்ளி பெற்ற ளாதுக்கு ஜபர், சுகூன் பெற்ற மீம். புள்ளிகளை அறியாதவர் அதனை 'ஃபளம்' என்று ஓதுவார். அருகில் இருந்து கேட்கும் மூதாட்டியோ 'பழம்' என்று உடனே திருத்திவிடுவார். தாலின் கீழுள்ள புள்ளியை விட்டால் 'வீடு' என்பது 'வீது' ஆகும். செவி அதனையும் திருத்திக்கொள்ளும். இவ்வாறு ஒரு பக்கம் ஓதி முடிப்பதற்குள் அந்நூலின் புள்ளி முறை பெரும்பாலும் விளங்கிவிடும். குர்ஆன் ஓதத் தெரிந்த சிறுவரும் தமிழறிந்த பெரியவரும் சேர்ந்து அமர்வதே போதுமானது.

இத்தகைய ஏடுகள் வீட்டில் இருப்பின் ஈரமும் செல்லும் அணுகாதவாறு வையுங்கள். கிழிந்த ஓரங்களைப் பசையிட்டு ஒட்டாதீர்கள். முதற்பக்கத்தையும் இறுதிப் பக்கத்தையும் முதலில் படம் எடுத்து வையுங்கள். நூலின் பெயரும் எழுதியவர் பெயரும் ஆண்டும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். மஹல்லா மதரஸாக்களில் விடுமுறை நாட்களில் சில பாடங்கள் இதற்கென ஒதுக்கினால் ஒரு தலைமுறையே பயன்பெறும்.

மொழிகளின் வேற்றுமையைத் தன் அத்தாட்சிகளுள் ஒன்றாக்கிய வல்ல நாயன், நம் முன்னோர் விட்டுச்சென்ற கல்வியை நம் மக்கள் கையில் நிலைபெறச் செய்வானாக! ஆமீன்.