குரலைப் பாதியாக்கியது யார்?

பேச்சைப் பதிவுசெய்து, அடியில் மெல்லிய இசை ஒன்றை ஓடவிட்டு, ஒலி, படக் கோப்புகளைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக் என்னும் கருவியில் ஒரே கட்டளையில் கலக்கிறோம். பிழைச்செய்தி எதுவும் இல்லை, கோப்பும் தயார். கேட்டுப் பார்த்தால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. இசை முடிந்ததும் அதே குரல் தானாக எழும்பி ஓங்கி ஒலிக்கிறது. உடனே மைக்கின் மேல் சந்தேகம் வரும். மைக் பாவம், அது ஒன்றும் செய்யவில்லை.

செய்தது ஏமிக்ஸ் என்னும் ஃபில்டர். இரண்டு ஒலிகளை அப்படியே கூட்டினால் அளவு மீறிக் கரகரக்கும் என்று அஞ்சி, ஒவ்வொன்றையும் உள்ளே வரும் ஒலிகளின் எண்ணிக்கையால் வகுத்துவிடுகிறது. இரண்டு ஒலி என்றால் ஆளுக்குப் பாதி, அதாவது ஏறத்தாழ 6 டெசிபெல் இறக்கம். மூன்று என்றால் 9.5. ஒன்று முடிந்தால் பங்காளி குறைந்தான் என்று மிச்சமுள்ளதை 2 விநாடிக்குள் மேலே ஏற்றுகிறது. புதிய பதிப்புகளில் 'நார்மலைஸ்' என்பதற்கு 0 கொடுத்தால் இந்த வகுத்தல் நிற்கும். அதன்பின் கரகரப்பைத் தவிர்ப்பது நம் பொறுப்பு: கலக்கும் முன்பே 'வால்யூம்' ஃபில்டரால் இசையை மட்டும் ஐந்தில் ஒரு பங்காக்கிப் பாருங்கள். பேச்சு முடிந்தும் இசை இழுத்துக்கொண்டே போனால் 'டியூரேஷன்' என்பதற்கு 'ஃபர்ஸ்ட்' என்று கொடுத்து, பேச்சை முதல் உள்ளீடாக வையுங்கள்.

இன்னொரு குழப்பம் கட்டளையில் சொற்களின் வரிசையில் இருக்கிறது. 'பாம்பை மயில் கொத்தியது' என்றாலும் 'மயில் பாம்பைக் கொத்தியது' என்றாலும் நமக்குப் பொருள் மாறாது, வேற்றுமை உருபு காப்பாற்றிவிடும். இந்தக் கருவிக்கு உருபு கிடையாது. அதன் விருப்பங்கள் அடைமொழி போல, அடுத்து வரும் கோப்பைத்தான் தழுவும். 10 விநாடி என்னும் கால வரம்பைப் பேச்சுக் கோப்பின் பெயருக்கு முன்னால் எழுதினால் பேச்சு மட்டும் வெட்டுப்படும், இசை முழுதாக ஓடும். வெளியீட்டுப் பெயருக்கு முன்னால் எழுதினால்தான் முடிவில் கிடைக்கும் கோப்பே 10 விநாடிக்கு அடங்கும்.

காணொளி ஒன்றில் படத்தைத் தொடாமல் ஒலியை மட்டும் மாற்றும்போது 'சி காப்பி' என்று பொதுவாக எழுதினால் ஒலியையும் அப்படியே நகலெடு என்றாகிவிடும். ஃபில்டர் போட வேண்டிய ஒலியை நகலெடுக்க முடியாது என்று கருவி மறுக்கும். 'சி:வி காப்பி' என்று படத்துக்கு மட்டும் சொன்னால் தகராறு தீரும். மறுப்புக்கான காரணம் பெரும்பாலும் கடைசி வரியில் இருக்காது, சில வரிகள் மேலே ஏறித் தேட வேண்டும். இரண்டு மணி நேரப் படத்தை வைத்துச் சோதிக்காமல் 10 விநாடித் துண்டை வைத்துச் சோதிப்பது பொறுமையை மிச்சப்படுத்தும்.

எனக்கு மிகவும் பிடித்த பிழை பேஷ் ஸ்கிரிப்டில் வருவது. கோப்புப் பட்டியலை வரிவரியாகப் படித்து மாற்றச் சொல்கிறோம். முதல் கோப்பு மாறுகிறது. அடுத்ததன் பெயரில் முதல் சில எழுத்துகளைக் காணோம், 'அப்படிக் கோப்பே இல்லை' என்கிறது, அல்லது சத்தமில்லாமல் நின்றுவிடுகிறது. கோப்புப் பெயரில் உள்ள இடைவெளியைத் திட்டிக்கொண்டு மேற்கோள் குறிகளை மாற்றி மாற்றிப் போடுவோம். உண்மையில், ஓடும்போது 'கியூ' தட்டினால் நிற்பதற்காக எஃப்எஃப்எம்பெக் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. விசைப்பலகை இருக்க வேண்டிய வாசலில் நாம் பட்டியலை வைத்திருக்கிறோம். அது பட்டியலைத் தின்கிறது. கட்டளையில் 'நோஎஸ்டிடிஇன்' என்று சேர்த்துவிட்டால் அந்த வாசல் பக்கமே அது போகாது.