வேலணையில் காணி வாங்கப் போகிறவர்களுக்கு

வெயிலும் கடலும் உள்ள தீவொன்றில் ஒரு துண்டு நிலம் வாங்கி எஞ்சிய காலத்தை அங்கே கழிக்க வேண்டும் என்னும் ஆசை மேற்குலகத்தாருக்குப் பழையது. அவுஸ்திரேலியர் ஒருவருக்கு அந்தத் தீவு பாலியாக இருக்கும். ரொறன்ரோவில் முப்பது வருடம் வாசலில் பனி அள்ளிய தீவுப்பகுதித் தமிழருக்கு அது வேலணையாகவோ புங்குடுதீவாகவோ இருக்கிறது. அவுஸ்திரேலியர் தாம் போகுமிடத்தில் அந்நியர் என்பதை அறிந்தே போகிறார். சட்டத்தரணியைத் தேடுகிறார், கேள்வி கேட்கிறார். நம்மவரோ சொந்த ஊருக்குத்தானே போகிறோம் என்று எண்ணி எதையும் கேட்காமலே முற்பணம் கொடுத்துவிடுகிறார். சொந்த ஊரில் காணி வாங்குவதுதான் உலகத்திலேயே சிக்கலான காணி வாங்கல் என்பது என் கருத்து.

சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணி உரிமை மாற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம், வெளிநாட்டவருக்கு இலங்கையில் காணி விற்பதைத் தடை செய்கிறது. கனடியக் கடவுச்சீட்டு எடுத்தபோது இலங்கைக் குடியுரிமையை இழந்தவர், இச்சட்டத்தின் கண்களுக்கு வேலணையில் பிறந்தவர் அல்லர், வெளிநாட்டவர். இரட்டைக் குடியுரிமை பெற்றவருக்கு விலக்கு உண்டு. வாரிசு முறையில் முதுசம் வந்து சேர்வதற்கும் தடையில்லை. மற்றவர்கள் 99 ஆண்டுகள் வரை குத்தகைக்கு எடுக்கலாம். இரட்டைக் குடியுரிமைக்கு அலைய மனமில்லாமல் ஊரிலுள்ள தம்பியின் பெயரிலோ மைத்துனரின் பெயரிலோ உறுதி முடிப்பவர்கள் அநேகர். தம்பி நல்லவராகவே இருக்கட்டும். தம்பியின் பிள்ளைகளுக்குச் சீதனம் பேசும் நாளில் அந்தக் காணி யாருடையது என்று யாரும் கேட்கமாட்டார்கள். உறுதியில் உள்ள பெயரைத்தான் பார்ப்பார்கள்.

அடுத்தது தேசவழமை. 1706இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்துக் கொடுத்த வழமைகள் இன்றும் யாழ்ப்பாணத்துக் காணியைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்று முன்கொள்வனவு உரிமை. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் அதைச் சுருக்கிப் பங்காளிகளுக்கும், விற்பவர் இறந்தால் வாரிசாகக் கூடியவர்களுக்கும் மட்டும் விட்டுவைத்தது. ஆயினும் அது போதும். பங்குக் காணியொன்றில் ஒருவரின் பங்கை நீங்கள் வாங்க, மற்றப் பங்காளிக்கு முறையான அறிவித்தல் போகாதிருந்தால், அவர் நீதிமன்றம் ஏறி அந்த விற்பனையைத் தமக்கு மாற்றித் தரும்படி கேட்கலாம். 1911ஆம் ஆண்டுச் சட்டப்படி, மனைவி தன் பெயரிலுள்ள அசையாச் சொத்தை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்பது வேறு. பெண்கள் பல்லாண்டுகளாக எதிர்த்துவரும் விதி அது. அந்த எதிர்ப்பில் எனக்கும் உடன்பாடு. ஆனால் வாங்குகிறவர் அதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. சீதனக் காணிகள் நிறைந்த ஊர் நமது.

உறுதியைக் கையில் எடுத்துப் பாருங்கள். இத்தனை பரப்பு வரகு என்று இருக்கும். (ஒரு பரப்பு பத்துப் பேர்ச், பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்பது இன்றைய கணக்கு.) கிழக்கெல்லை இன்னார் மனைவி இன்னார், தெற்கெல்லை ஒழுங்கை என்று எழுதியிருக்கும். அந்த இன்னாரும் மனைவியும் இறந்து அறுபது வருடமாகியிருக்கும். அவர்களின் பேரப்பிள்ளைகள் ஒஸ்லோவிலும் பாரிசிலும் இருப்பார்கள். எல்லையில் நின்ற கிளுவைக் கதியாலும் பனையோலை வேலியும் 1990க்குப் பின் எப்போதோ மண்ணாகிப் போயின. பழைய நில அளவைப் படம் உள்ள காணிகள் குறைவு. அப்படியிருக்க, பிரிபடாத பங்கு ஆறில் ஒன்று, அதில் மூன்றில் ஒன்று என்று இறங்கிக்கொண்டே போகும் உறுதியை வைத்துக்கொண்டு ‘கடற்கரையோரம் பத்துப் பரப்பு’ என்று விளம்பரம் செய்கிறார்கள். பத்துப் பரப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை 1977ஆம் ஆண்டின் பங்குபிரிப்புச் சட்டத்தின் கீழ் நீதிமன்றமே சொல்ல வேண்டியிருக்கும். அது சொல்லி முடிப்பதற்குள் வாங்கியவருக்குப் பேரன் பிறந்துவிடுவான்.

இந்தக் குழப்பத்தை விளங்கிக்கொள்ளத் தீவின் அண்மைக்கால வரலாறு வேண்டும். தீவார் என்றால் கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை வைத்திருந்தவர்கள் என்று ஒருகாலத்தில் பொருள். அங்கே உழைத்த பணத்தில் வேலணையிலும் கரம்பொனிலும் கல்வீடுகள் எழுந்தன. 1983 அந்தக் கடைகளை எரித்தது. 1990இலும் 1991இலும் நடந்த இராணுவ நடவடிக்கைகள் மக்களைத் தீவிலிருந்தே கிளப்பின. குடாநாட்டுக்கும் வன்னிக்கும் போனவர்கள், கடல் கடந்தவர்கள், திரும்பி வந்தவர்கள் என்று ஒரே குடும்பம் நான்காகப் பிரிந்தது. திரும்பி வந்தவர்களையும் காலம் நிம்மதியாக விடவில்லை. 2006 மே 13 இரவு ஊர்காவற்றுறைப் பகுதியில் 13 பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். அதன்பின் மறுபடியும் வெளியேற்றம். இன்று வேலணை மேற்கிலும் சரவணையிலும் நடந்து போனால், கூரையில்லாத வீட்டின் நடுவே ஆலமரம் நிற்பதைக் காணலாம். அந்த வீட்டுக்கு உரியவர்கள் இருபது பேர் இருப்பார்கள். ஒருவரும் ஊரில் இருக்கமாட்டார்கள்.

உரியவர் இல்லாத இடத்தில் ஆட்சி உறுதி முளைக்கிறது. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டம், பத்தாண்டுகள் தடையின்றி, உரிமையாளருக்கு எதிராக ஆண்டவருக்கு உரிமையைத் தருகிறது. போரினால் வர முடியாதவர்களுக்காக 2016இல் 5ஆம் இலக்கச் சிறப்பேற்பாட்டுச் சட்டம் கொண்டுவரப்பட்டது. வழக்கிட அது கொடுத்த இரண்டாண்டு அவகாசமும் முடிந்துவிட்டது. அதைப் பயன்படுத்தியவர்கள் சிலரே என்பது என் எண்ணம். புலம்பெயர்ந்தோரில் பலர் அப்படியொரு சட்டம் இருந்ததையே அறியார். 2025 மார்ச் 28இல் வெளியான வர்த்தமானி அறிவித்தலையும் நினைவூட்டுகிறேன். வட மாகாணத்தில் ஏறக்குறைய 5,940 ஏக்கருக்கு மூன்று மாதத்துள் உரிமை கோராவிடில் அது அரச காணியாகும் என்றது அது. ஜூன் மாதம் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. வழக்குப் போட ஆள் இருந்தபடியால் தடை வந்தது. மூன்று மாதத்தில் தாத்தாவின் உறுதியைத் தேடி எடுத்து ஊர் வந்து சேரக்கூடியவர்கள் நம்மில் எத்தனை பேர்?

ஆகவே எனக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: புதுக் காணி வாங்குமுன் உங்கள் பழைய காணியை எழுதி முடியுங்கள். பங்காளிகளைக் கூட்டுங்கள். காணிப் பதிவகத்தில் பதிவேட்டைப் பாருங்கள். நில அளவையாளரைக் கொண்டு அளந்து கல் நாட்டுங்கள். அதற்கு ஆகும் செலவு கடற்கரைக் காணியின் விலையில் ஒரு சிறு பங்கு. ஆனால் இதில் செல்பி எடுக்க ஒன்றுமில்லை, பெரியப்பாவின் மகனோடு கதைக்கவும் வேண்டும். அதனால் கடற்கரையே வெல்கிறது.

இனிக் காணி தெரியும் விதம். வேலணையில் காணியின் பெறுமதியைத் தீர்மானிப்பது கடல் காட்சியன்று, கிணறு. தீவின் நன்னீர் என்பது மழைநீர் மண்ணிலும் சுண்ணாம்புக் கல்லிலும் இறங்கி, உவர்நீரின் மேல் வில்லைபோல மிதந்து நிற்பது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பதடிக்கு அது தாங்கும் என்பது நீரியலாளர் கணக்கு. மேலேயுள்ள ஓரடியைப் பம்பு வைத்து இறைத்துவிட்டால் கீழிருந்து உவர் ஏறிவிடும். ஏறியது இலேசில் இறங்காது. துலா இறைத்த காலத்தில் மனிதனின் கை களைத்ததும் கிணறு இளைப்பாறியது. மோட்டாருக்குக் களைப்பில்லை. சாட்டியின் மணற்பாங்கு சுற்றயல் ஊர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்தது அந்த மணல் மழையைப் பிடித்து வைத்ததால்தான். மண்கும்பானிலும் அல்லைப்பிட்டியிலும் மணல் மேடுகளை லொறி லொறியாக அள்ளிப்போனவர்கள் மணலோடு தண்ணீரையும் ஏற்றிப்போனார்கள். தாளையடியில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட, நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கொள்ளளவுள்ள கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தைக் காட்டி இனிக் கவலையில்லை என்பவர்கள் உண்டு. கடலைக் குடிநீராக்க மின்சாரம் வேண்டும். குழாயில் வருவதைக் குடிக்கலாம். அதைக்கொண்டு தோட்டம் செய்ய முடியாது.

தை, மாசியில் வந்து கிணற்று நீரைச் சுவைத்துப் பார்த்துவிட்டு விலை பேசுகிறார்கள். அப்போது தீவில் எந்தக் கிணறும் இனிக்கும். ஆவணி, புரட்டாதியில் வந்து குடித்துப் பாருங்கள். அயலில் முன்னர் புகையிலைத் தோட்டம் இருந்ததா என்று வயதானவர்களைக் கேளுங்கள். இருந்ததென்றால் தண்ணீரை நம்பலாம். பழைய மாமரம் நின்றால் நல்லது. பனையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, அது எங்கும் நிற்கும். உமரி படர்ந்திருந்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே போதிய தூரம் விட இடமில்லாத சிறு துண்டுகளையும் தவிர்க்க வேண்டும். சுண்ணாம்புக்கல் எதையும் வடிகட்டாது. கடற்கரையிலிருந்து 300 மீற்றர் வரை கரையோர வலயம். அங்கே கட்டுவதற்குக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும் என்பதைத் தரகர் சொல்லமாட்டார். அறுபத்தைந்து வயதில் குடியேறப் போகிறவர், நள்ளிரவில் நெஞ்சு நோவு வந்தால் பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குப் போக எவ்வளவு நேரமாகும் என்பதையும் ஒருமுறை ஓடிப் பார்த்துக்கொள்வது நலம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இங்கேதான் புலம்பெயர்ந்தோரின் காணி ஆசையோடு எனக்குப் பிணக்கு. இருக்கப் போகிறவர்கள் வாங்குவதில் எனக்கு மறுப்பில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு கிழமை வந்து போவதற்காக மதில் கட்டி, இரும்புக் கதவு போட்டுப் பூட்டி வைப்பவர்கள் விலையைத்தான் உயர்த்துகிறார்கள். அந்த மதிலுக்கு வெளியே, ஒருநாளும் ஊரைவிட்டுப் போக வசதியில்லாத குடும்பங்கள் பிறர் காணியில் குடியிருக்கின்றன. தலைமுறை தலைமுறையாகச் சாதியின் பெயரால் நிலம் மறுக்கப்பட்டவர்கள் இவர்களில் பலர். போருக்குப் பின் வந்த வீட்டுத்திட்டங்களில், காணிக்கு உரிமை காட்ட முடியாத குற்றத்துக்காகப் பின்னுக்குத் தள்ளப்பட்டவர்களும் இவர்களே. உங்கள் வளவைக் கூட்டுவதும் பனைமட்டை பொறுக்குவதும் கள்ளன் வந்தால் கத்துவதும் இவர்கள்தான். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை அனுப்புவதும் இவர்கள்தான். அந்தப் பிள்ளைகளும் போய்விட்டால் வேலணையில் வகுப்பறைகள் மட்டுமே மிஞ்சும். அவர்கள் ஆட்சி உறுதி முடித்துவிடுவார்களோ என்று அஞ்சிக் குடியெழுப்புகிறவர்களை நான் அறிவேன். சட்டப்படியும் அது தேவையற்ற அச்சம். அனுமதியோடு இருப்பவரின் குடியிருப்பு இலேசில் எதிராட்சியாகாது.

மூன்று ஏக்கர் தரிசு வைத்திருப்பவர், காத்து நின்ற குடும்பத்துக்கு அதில் ஐந்து பரப்பை நன்கொடை உறுதியாக எழுதிக் கொடுக்கட்டும். 43 பரப்பு அவருக்கு மிஞ்சும், அயலும் இருக்கும். இப்படிச் செய்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள். தானம் என்று மேடை போடாமல், நொத்தாரிசு வீட்டில் கையெழுத்து வைத்துவிட்டுப் போனவர்கள். பங்காளிகளின் சம்மதத்தை முதலில் எழுத்தில் வாங்கி, அளந்து, துண்டைத் தனியே பிரித்த பிறகே எழுத வேண்டும். பிரிபடாத பங்காகக் கொடுத்தால் அந்த ஏழைக் குடும்பத்தின் தலையில் ஒரு வழக்கைக் கட்டிவிட்டதாகவே முடியும். கிணற்றுப் பங்கையும் வழிவாய்க்கால் பாத்தியதையையும் அந்த உறுதியிலேயே சேர்த்து எழுதுங்கள்.